சாமான் எதுவும் வேண்டாம்: சின்னப் பிள்ளைகளோடு வீட்டுக்குள் விளையாட ஒரு வழிகாட்டி

பிள்ளைகளோடு விளையாட காசு செலவழிக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி விளையாடுவது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. சென்னையில் அக்டோபர் பிறந்துவிட்டால் மழைக்குத் திடீர் திடீரென்று பள்ளி விடுமுறை வரும். மொட்டைமாடி வழுக்கும், தெருவில் தண்ணீர் நிற்கும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது மாடியில் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள வாடகை வீட்டில், ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட நாட்களை ஓட்ட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்குத் தெரிந்த விளையாட்டெல்லாம் தெருவில் ஒரு கும்பலாக ஆடியவை. அவற்றை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன ஹாலுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ள நாளாயிற்று. புதிதாகத் தொடங்குகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. விளையாட்டைத் தேடும் முன் நேரத்தைக் குறியுங்கள்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நல்ல விளையாட்டாகவே இருந்தாலும் பசி நேரத்திலும் தூக்க நேரத்திலும் எடுத்தால் அழுகையில்தான் முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது அது. டிவி, செல்போன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். நடப்பது, ஏறி இறங்குவது, குதிப்பது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். நீங்கள் கூடவே இருந்து ஆட வேண்டியது மூன்று சின்னத் துண்டுகள்தான்:

காலை டிபன் முடிந்து அரை மணி கழித்து ஒன்று. மாலை ஐந்தரை மணி வாக்கில் ஒன்று. ஓடுகிற ஆட்டமெல்லாம் இதில்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் படுக்கையில் ஒன்று, விரலும் பேச்சும் மட்டும். தூங்கப் போகும் நேரத்தில் துரத்திப் பிடிக்கிற ஆட்டத்தைத் தொடங்கினால் பிள்ளை பதினொரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும்.

ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் போகலாம்? இரண்டு வயதுக்கு ஐந்து நிமிடம், மூன்று வயதுக்குப் பத்து, ஐந்து வயதுக்கு இருபது. இது என் கணக்கு, உங்கள் பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிள்ளை "இன்னும் இன்னும்" என்று கேட்கும்போதே நிறுத்துவதுதான் நல்ல இடம். அலுத்துப் போகும் வரை இழுத்தால் மறுநாள் அதே ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் வராது.

அந்த நேரத்தில் உங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும். மணி அடித்தால் கேட்கும், போதும். வீடியோ எடுக்கும் ஆசையையும் ஒதுக்கி வையுங்கள். போனைத் தூக்கிப் பிடித்த நொடியே பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத் தேடும், இல்லையென்றால் போனைத் தேடும்.

2. ஹாலை ஒழியுங்கள்

ஐந்து நிமிட வேலை. டீப்பாயைச் சுவரோரம் தள்ளுங்கள். தரையில் ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஓடவே கூடாது, வெறுங்கால்தான் பிடிப்பு. பால்கனிக் கதவைத் தாழ் போடுங்கள். குளியலறைக் கதவையும் பூட்டுங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுகிற ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது உயிராபத்து. கட்டில்மேல் குதிக்க விட்டால் மேலே ஓடும் ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதைச் சீலிங் ஃபேன் உள்ள அறையில் மட்டுமல்ல, எங்குமே செய்யாதீர்கள்.

அடுக்குமாடி வீடு என்றால் கீழ் வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மதியம் தூங்கும் நேரத்திலும் ராத்திரி எட்டு மணிக்கு மேலும் குதிக்கிற ஆட்டம் கிடையாது என்று நீங்களே சொல்லிவிட்டால், மாலையில் கொஞ்சம் தடதடத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

3. மடியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரம் நான் சொல்வது ஒரே விளையாட்டு: நண்டூறுது நரியூறுது. உங்கள் பாட்டியிடம் நீங்களே விளையாடியிருப்பீர்கள். மறந்திருந்தால், செய்முறை இதுதான்.

பிள்ளையின் உள்ளங்கையை விரித்து உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்காட்டி விரலை அதன் நடுவில் ஊன்றிப் பருப்பு கடையுங்கள். நிதானமாகக் கடையுங்கள், அவசரமே வேண்டாம். பிறகு அந்தக் கையிலிருந்து அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய் என்று ஊட்டிக்கொண்டே பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக மடக்குங்கள். கை கழுவி விடுங்கள். அப்புறம் இரண்டு விரலால் மணிக்கட்டிலிருந்து நண்டு ஏற ஆரம்பிக்கட்டும். முழங்கை மடிப்பு வந்ததும் நின்றுவிடுங்கள். ஒன்றும் பேசாதீர்கள். பிள்ளை கழுத்தைச் சுருக்கி, தோளைக் காதுவரை தூக்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்கள் விரலையே பார்க்கும். அந்தக் காத்திருப்பில்தான் விளையாட்டே இருக்கிறது. அக்குளுக்குப் போய்க் கிச்சுகிச்சு மூட்டுவது அரை நொடிக் காரியம்.

இரண்டு எச்சரிக்கை. மூச்சு முட்டும்வரை கிச்சுகிச்சு மூட்டக் கூடாது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் "போதும்" என்றால் போதும்தான், அந்த நொடியே கையை எடுங்கள். வீட்டுக்கு வருகிற மாமா, சித்தப்பா யாராக இருந்தாலும் இதே விதியைச் சொல்லிவிடுங்கள். தன் உடம்பில் யார் கை வைத்தாலும் தான் சொன்னால் நிறுத்துவார்கள் என்பது பிள்ளைக்கு இந்த வயதிலேயே பழக வேண்டும்.

முட்டிவலி உள்ள தாத்தா பாட்டிக்கும் இதுதான் சரியான ஆட்டம். ஒவ்வொரு ஊரிலும் பாட்டு கொஞ்சம் மாறும், அவர்கள் சொல்கிறபடியே விட்டுவிடுங்கள்.

4. அடுத்தது "பறவை பற"

மூன்று வயது ஆகிவிட்டதென்றால் இதைவிட நல்ல உட்கார்ந்த விளையாட்டை நான் பார்க்கவில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைக்க வேண்டும். ஒருவர் சொல்வார்: "காக்கா பற!" எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். "கிளி பற!" தூக்க வேண்டும். "ஆடு பற!" தூக்கினவர் அவுட்.

சொல்கிற விதத்தில்தான் சூட்சுமம். பறக்கிறவற்றை இரண்டு மூன்று தடவை வேகமாகச் சொல்லிக் கையைப் பழக்கிவிட்டு, அதே குரலில், அதே வேகத்தில் "எருமை பற" என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளையின் கை பாதி தூரம் எழும்பி, அங்கேயே நின்று, மெதுவாகத் தரைக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். உடம்பு கிளம்பிவிட்ட பிறகு மனசு பிடித்து இழுக்கிறது. ஒரு சொல்லைக் காது கொடுத்துக் கேட்டு, யோசித்து, தன்னை அடக்கிக்கொள்வதை இந்த வயதில் இவ்வளவு சந்தோஷமாகப் பழக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு அவுட் வேண்டாம். தப்பாகத் தூக்கினால் எல்லோரும் சேர்ந்து அந்த மிருகம் மாதிரிக் கத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எருமைக்குக் கை தூக்கினால் எல்லோரும் எருமை. ஐந்து வயதுக்கு மேல் வில்லங்கமான பெயர்களைக் கொண்டு வாருங்கள்: கோழி பற, வௌவால் பற, ஈசல் பற, பட்டம் பற. கோழி பறக்குமா என்று ஒரு சண்டை வரும். வரட்டும். சுவர்மேல் ஏறுகிற அளவுக்குப் பறக்கும் என்று என் மகள் வாதாடினாள், ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

5. இடத்துக்குள் அடங்குகிற ஓட்டம்

மழை நாளில் பிள்ளைகளின் கால் சும்மா இருக்காது. ஹாலுக்குள்ளேயே ஓட வைக்க எங்கள் வீட்டில் நிலைத்த ஆட்டங்கள் நான்கு.

கல்லா மண்ணா. தெருவில் திண்ணை கல், தரை மண். வீட்டில் ஹால் கல், படுக்கையறை மண் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிலைவாசல்தான் எல்லை. பிடிக்கிறவர் மண்ணில் நிற்பார். மற்றவர்கள் கல்லிலிருந்து மண்ணுக்குள் காலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். தொட்டுவிட்டால் ஆள் மாறும். ஓடுகிற தூரம் நாலடிதான், ஆனால் வியர்த்துவிடும். கதவு காற்றில் அடித்து விரல் நசுங்காமல் இருக்க, கதவை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கலர் கலர் வாட் கலர். ஒருவர் ஒரு நிறம் சொல்ல, மற்றவர்கள் ஓடிப்போய் வீட்டில் அந்த நிறமுள்ள எதையாவது தொட வேண்டும். நிறம் தெரியாத இரண்டு வயதுப் பிள்ளை அக்கா பின்னாலேயே ஓடித் தொடும், அப்படியே கற்றுக்கொள்ளும். கேஸ் அடுப்புப் பக்கம் எல்லைக்கு வெளியே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டேச்சு. நடந்துகொண்டே இருக்கும்போது "ஸ்டேச்சு" என்றால் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். சத்தம் வராது, கீழ் வீட்டுக்கும் தொந்தரவில்லை. ஓட்டம் கட்டுமீறிப் போகும்போது பிள்ளைகளை நிறுத்தவும் இந்த ஒரு சொல் உதவும். கத்தத் தேவையில்லை.

உப்பு மூட்டை. பிள்ளையை முதுகில் ஏற்றி "உப்பு வாங்கலையோ உப்பு" என்று வீட்டைச் சுற்றி விற்பது. நீங்கள் முழங்காலிட்டு உட்கார்ந்தபின் பிள்ளை ஏற வேண்டும், நின்றுகொண்டு குனிந்து தூக்கினால் உங்கள் இடுப்பு போய்விடும். வாங்குகிறவர் கட்டாயம் பேரம் பேச வேண்டும். "இந்த மூட்டை ஆடுதே, உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டால் மூட்டை வாய்விட்டுச் சிரிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டு கையையும் பிடித்து ராட்டினம் சுற்றாதீர்கள். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு சுலபமாக நழுவும். பிள்ளை திடீரென்று அழுது, அந்தக் கையை அசைக்காமல் தொங்கப்போட்டால் அதுவாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் சட்டென்று சரிசெய்து விடுவார்கள். தூக்குவதென்றால் எப்போதும் அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத்தான்.

6. கண்ணாமூச்சிக்குத் தனி விதி

இரண்டு வயதுப் பிள்ளை தன் கண்ணை மூடிக்கொண்டு தான் ஒளிந்துவிட்டதாக நம்பும். திரைச்சீலைக்கு வெளியே கால் தெரியும். ஒளிந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ஒளியும். எதையும் திருத்தாதீர்கள். "கதவுக்குப் பின்னால இல்லையே, கட்டிலுக்கு அடியிலயும் காணோமே" என்று சத்தமாகத் தேடிக்கொண்டே வாருங்கள். தேடுகிறவரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் சின்னவர்களுக்குப் பயம் வராது. பூச்சாண்டி வருகிறான் என்று மட்டும் பயமுறுத்த வேண்டாம்.

நீங்கள் ஒளியும்போது பிள்ளை சீக்கிரம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒளியுங்கள். மூன்று வயதுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் அம்மாவைக் காணோம் என்றால் விளையாட்டு போய் அழுகை வந்துவிடும்.

எங்கே ஒளியக் கூடாது என்பதைத் தொடங்குமுன் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்: பீரோ, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மூடி போட்ட டிரம், பால்கனி, குளியலறை, கீழே நிற்கிற கார். உள்ளேயிருந்து திறக்க முடியாத எதுவும் ஒளியும் இடமல்ல. காருக்குள் விளையாடப் போய்ப் பூட்டிக்கொண்டு மூச்சுத் திணறிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் நம் நாட்டில் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. கார் சாவியைக் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

7. கை வேலையாக இருக்கும்போது

தோசை சுட்டுக்கொண்டே ஆடலாம், கரண்ட் போன இருட்டிலும் ஆடலாம். கண்ணை மூடிச் சத்தம் கேட்பது அதில் முதல். "இப்போ என்னென்ன கேட்குது?" குக்கர் விசில், மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம், தூரத்துப் பஸ் ஹாரன், சன்ஷேடில் சொட்டுகிற மழை. இரண்டரை வயதிலிருந்தே பிள்ளைகள் இதில் நம்மைத் தோற்கடிப்பார்கள்.

ஐந்து வயதுக்கு மேல் சொல் சங்கிலி. நீங்கள் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் பிள்ளை ஒரு சொல் சொல்ல வேண்டும். தமிழில் ஆடும்போது ஒரு சிக்கல் வரும். மரம் என்று முடிந்தால் "ம"வில் தொடங்கலாம், மாடு, மயில் என்று போகும். பால் என்றால் லட்டு, லாரி என்று சமாளிக்கலாம். கண், தேள் என்று வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் தமிழில் கிடையாது. அதனால் ஒரு விதியை முன்பே பேசிக்கொள்ளுங்கள்: அப்படி வந்தால் அதற்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். தேளிலிருந்து தேங்காய். அந்த விதி இல்லாமல் தொடங்கி நடுவில் மாற்றினால் அழுகை நிச்சயம்.

8. தோல்வி, சண்டை, வயது வித்தியாசம்

மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோற்பது என்றால் என்னவென்று தெரியாது, வலி மட்டும் தெரியும். அதனால் அந்த வயதில் ஆட்டத்துக்கு ஜெயிப்பு தோல்வி வைக்காதீர்கள். பெரிய பிள்ளையோடு சேர்த்து ஆடும்போது சின்னவனை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவன் ஓடலாம், பிடிக்கலாம், அவுட் மட்டும் கிடையாது. பெரியவளிடம் தனியாக இதைச் சொல்லி, "பறவை பற"வில் பெயர் சொல்கிற வேலையை அவளிடம் கொடுத்தால் அவளுக்கும் குறையிருக்காது. தம்பிக்காக எப்போதும் விட்டுக்கொடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்கென்று தம்பி தூங்கியபின் பத்து நிமிடம் வையுங்கள், அதில் அவளை உண்மையாகவே ஜெயிக்கவும் தோற்கவும் விடுங்கள்.

யார் முதலில் என்ற சண்டைக்குச் சா பூ த்ரீ போதும். மூன்று பேராவது வேண்டும். இரண்டே பிள்ளைகள் என்றால் நீங்களும் கையை நீட்டுங்கள்.

இன்னும் சில பொறிகள். விளையாட்டை நடுவில் நிறுத்தி "சிவப்புக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்காதீர்கள், பரீட்சை வாடை வந்ததும் பிள்ளை எழுந்து போய்விடும். சாப்பிட்டால்தான் விளையாட்டு என்று பேரம் வேண்டாம். ஒரே நாளில் ஐந்து புது ஆட்டம் சொல்லித் தராதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும். முடிக்கும்போது "இன்னும் ரெண்டு தடவை, அப்புறம் தண்ணி குடிக்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்ன மாதிரியே முடியுங்கள்.

9. செலவும் காகிதமும்

செலவு இல்லை. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவது ஒன்றுதான்.

ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டில் எடுபடுகிற ஆட்டங்களின் பெயரை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உட்கார்ந்து ஆடுவது ஒரு பக்கம், ஓடி ஆடுவது ஒரு பக்கம். களைத்து வருகிற மாலையில் எதுவும் ஞாபகம் வராது, அப்போது இது கைகொடுக்கும்.

இன்னொரு காகிதம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும்: கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டை. தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும் அதை எடுக்கிறோம். எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்யும் என்ற படங்களும் அதே அட்டையில் இருக்கின்றன, ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தினமும் கூட விளையாடுகிறவர் கண்ணுக்குத்தான் சில விஷயங்கள் முதலில் படும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, "பறவை பற" சொல்வது உங்கள் வாயைப் பார்த்தால் மட்டும் புரிகிறது என்றால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப் போடாதீர்கள். குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே கட்டணம் கிடையாது. போகும்போது அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டில், எப்போதிருந்து, என்ன கவனித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதியும் கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும்போது பதற்றத்தில் பாதி மறந்துவிடும்.